டீச்சரிடம் கேளுங்கள்: அலைக்குக் கீழே இருக்கும் மணல்

இரண்டு இதழ்களுக்கு முன்னால் முழங்கால் வலி பற்றிய ஒரு கடிதத்துக்குப் பதில் எழுதும்போது, நான் 41 வயதில் கோவளத்தில் அலைச்சறுக்கு, அதாவது சர்ஃபிங், கற்றுக்கொண்டவள் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். வழக்கமாக எனக்கு வருகிற கடிதங்கள் கோ-கோ விதிகள், ஓடுகிறவர்களுக்கான ஷூ, சாப்பிட மறுக்கும் பிள்ளைகள் என்று இருக்கும். இந்த முறை இதழாசிரியர் கொடுத்தனுப்பிய கடிதக் கட்டில் பாதிக்கு மேல் கடல். அதனால் இந்த இதழ் முழுக்க அலைதான். முழங்கால்காரர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சொல்லும் கோவளம் கேரளத்தில் இருப்பது இல்லை. சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் 40 கிலோமீட்டர் தெற்கே, முட்டுக்காடு தாண்டி வரும் மீனவ ஊர்.

சென்னையிலேயே இவ்வளவு பெரிய மெரினா இருக்கும்போது எதற்காகக் கோவளம் வரை பெட்ரோல் செலவு செய்ய வேண்டும்? அலை எங்கேயும் அலைதானே?
- வங்கி ஊழியர், திருவல்லிக்கேணி

அப்படித்தான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை மெரினாவுக்குச் சுற்றுலா அழைத்துப் போய், யாரும் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது என்று விசில் ஊதி ஊதித் தொண்டை கட்டியவள் நான். ஏன் கால் வைக்கக் கூடாது என்று ஒரு பெண் கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. போலீஸ் விடாது என்று சொல்லிச் சமாளித்தேன்.

பதில் தண்ணீரில் இல்லை, தரையில் இருக்கிறது. ஆழ்கடலிலிருந்து வரும் அலைக்குக் கீழே தரை தட்டுப்பட ஆரம்பித்ததும் வேகம் குறையும், உயரம் கூடும். தண்ணீரின் ஆழம் அலையின் உயரத்தைப் போல ஏறக்குறைய ஒன்றேகால் மடங்காகக் குறையும்போது அது உடைந்து விழும். மூன்றடி அலை நாலடித் தண்ணீரில் உடையும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாலடி ஆழம் கரையிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதுதான் விஷயமே.

மெரினாவில் தரை சட்டென்று சரிகிறது. அலை தன் பலத்தை எங்கேயும் செலவழிக்காமல் கரை வரை வந்து, உங்கள் காலடியில் மொத்தமாக விழுகிறது. விழுந்த தண்ணீர் அந்தச் சரிவில் அதே வேகத்தில் திரும்பி ஓடுகிறது. முழங்கால் அளவு தண்ணீரில் நிற்கும் பெரிய ஆளையும் அது சாய்த்துவிடும். அந்தக் கரை அவ்வளவு அகலமானதே துறைமுகத்தால்தான். 1870களில் கட்டத் தொடங்கிய துறைமுகச் சுவர், வடக்கே போய்க்கொண்டிருந்த மணலை மறித்தது. மணல் தெற்குப் பக்கம் சேர்ந்து மெரினா விரிந்தது, வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரித்தது. உட்கார்ந்து சுண்டல் சாப்பிட நல்ல இடம். பலகையோடு இறங்க ஏற்றது இல்லை.

கோவளத்தில் பாறை முனையை ஒட்டி உடையும் அலை தேறியவர்களுக்கானது, அதை விடுங்கள். அதற்குத் தள்ளி, வெறும் மணல் மேல் உடையும் அலைதான் நம்முடையது. கரையிலிருந்து கொஞ்சம் தள்ளி மணல் திட்டு இருக்கும் நாளில் அலை அங்கேயே உடைந்து, மீதித் தூரம் வெறும் நுரையாக உருண்டு வரும். அந்த நுரை பலகையை மெதுவாகத் தள்ளிக்கொண்டே வருவதால், எழுந்து நிற்கக் கற்றுக்கொள்கிறவருக்குப் போதுமான நேரம் கிடைக்கும். விழுந்தாலும் கீழே மணல்.

எனக்கு 52 வயது, இரண்டு பேரன்கள். அவர்கள் அலைச்சறுக்கு வகுப்பில் சேர்ந்திருக்கிறார்கள். நானும் சேர்ந்தால் சிரிப்பார்களா?
- இல்லத்தரசி, செங்கல்பட்டு

சிரிப்பார்கள். என்னைப் பார்த்து என் முன்னாள் மாணவியின் தம்பியே சிரித்தார். அவர்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தவர். கோவளத்துக்காரர், அப்பா கட்டுமரத்திலும் பிறகு ஃபைபர் படகிலும் போனவர். அப்போது தம்பிக்கு 23 வயது. முதல் நாள், "டீச்சர், நீங்க கரையிலேயே நின்னு பாப்பீங்கன்னு நெனச்சேன்" என்றார்.

உங்களுக்குப் பலம் போதும், பழக்கம்தான் இல்லை. குப்புறப் படுத்த நிலையிலிருந்து ஒரே வீச்சில் எழுந்து நிற்பதை நாம் எந்த வயதில் கடைசியாகச் செய்தோம்? அதை வீட்டிலேயே பழகலாம். நான் மொட்டைமாடியில் கோலமாவால் எட்டடிப் பலகையின் வடிவத்தை வரைந்து, நடுவில் ஒரு நேர்க்கோடு போட்டேன். குப்புறப் படுத்து, உள்ளங்கைகளை மார்புக்கு இரண்டு பக்கமும் ஊன்றி, தள்ளி, முன்கால் கைகளுக்கு நடுவே வரும்படி எழ வேண்டும். இரண்டு பாதங்களும் அந்தக் கோட்டின் மேல் இருக்க வேண்டும், முழங்கால் மடங்கியிருக்க வேண்டும், கண் எதிர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க வேண்டும். முதல் வாரம் முழுக்க என் முழங்கால்தான் முதலில் தரையைத் தொட்டது. தினம் இருபது முறை, ஒரு மாதம். எதிர் வீட்டு அம்மா என்ன விரதம் என்று விசாரித்தார்.

முதுகுத்தண்டிலோ தோளிலோ பழைய காயம் இருந்தால் மருத்துவரிடம் கேட்டுவிட்டுப் போங்கள். நீச்சல் தெரியாவிட்டால் முதலில் அதைக் கற்றுக்கொள்ளுங்கள். இடுப்பளவு தண்ணீரில்தானே பயிற்சி என்று சிலர் சொல்வார்கள், கேட்காதீர்கள்.

பதினாலு வயது மகன் விடுமுறையில் கோவளத்தில் சர்ஃபிங் கற்றுக்கொள்ள வேண்டும் என்று அடம்பிடிக்கிறான். கடல் இழுத்துக்கொண்டு போய்விடும் என்று என் மாமியார் பயப்படுகிறார். எனக்கும் பயம்தான். உண்மையைச் சொல்லுங்கள்.
- ஒரு அம்மா, வேளச்சேரி

உங்கள் மாமியார் சொல்வது சரி. கடல் இழுக்கும். ஆனால் எங்கே இழுக்கும் என்பதைக் கரையிலிருந்தே பார்க்க முடியும். அதைப் பார்க்கக் கற்றுக்கொடுக்காத இடத்துக்குப் பையனை அனுப்பாதீர்கள்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். சேர்ந்து மூன்றாவது மாதம், ஒரு ஜூலைக் காலை, ஆறரை மணி. தம்பி இன்னொரு மாணவருக்கு, காலையும் பலகையையும் இணைக்கும் கால்கயிறு கட்டிக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுமை இல்லை. இரண்டு இடங்களில் அலை வெள்ளை வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது. நடுவில் பத்துப் பதினைந்து அடி அகலத்துக்கு அலையே இல்லாமல், கொஞ்சம் கறுத்த நிறத்தில், அமைதியாக ஒரு பாதை. அடடா, அடிபடாமல் உள்ளே போக நல்ல வழி என்று அதில் இறங்கினேன். பலகையில் படுத்து நாலு தடவை கையை வீசியிருப்பேன். வழக்கமாக மூச்சு முட்டப் போகிற தூரத்தை ஒரு நிமிஷத்தில் கடந்துவிட்டேன். இன்று நமக்கு நல்ல ஃபார்ம் என்று நினைத்துக்கொண்டேன். அதுதான் வேடிக்கை.

திரும்பிப் பார்த்தால் கரையில் இருந்த வலைக் கொட்டகை தீப்பெட்டி அளவுக்குச் சிறுத்திருந்தது. கரையை நோக்கி நேராகக் கையாலேயே துடுப்புப் போட்டேன். போட்டேன், போட்டேன், கொட்டகை பெரிதாகவே இல்லை. தோள் இரண்டும் கழன்றுவிடும் போலிருந்தது. அப்போது விசில் சத்தம் கேட்டது. தம்பி கரையில் நின்று இரண்டு கைகளையும் வடக்குப் பக்கம் காட்டிக்கொண்டிருந்தார். இருபது வருஷத்துக்கு மேல் விசில் ஊதியவள் அன்றைக்குத்தான் ஒரு விசிலுக்கு மறுபேச்சில்லாமல் கீழ்ப்படிந்தேன். கரையை மறந்துவிட்டுக் கரைக்கு இணையாக வடக்கே போனேன். முப்பது நாற்பது மீட்டர்தான் இருக்கும். பலகைக்கு அடியில் இழுப்பு விட்டது தெரிந்தது. அலை உடையும் இடத்துக்கு வந்ததும் நுரையே என்னைத் தள்ளிக்கொண்டு வந்து கரையில் போட்டது.

"எறங்கறதுக்கு முன்னாடி எங்க பாத்தீங்க டீச்சர்?" என்றார்.

"அலை இல்லாத எடமாப் பாத்து எறங்கினேன்."

"அதான்."

வேறு ஒன்றும் சொல்லவில்லை. அவருடைய அப்பா வலை சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். என்னைக் கூப்பிட்டு, ஈரமணலில் இரண்டு கையாலும் இரண்டு மேடு கட்டினார். நடுவில் விரலால் ஒரு கோடு கிழித்தார். பாட்டிலில் இருந்த தண்ணீரை மேடுகளுக்குப் பின்னால் ஊற்றினார். தண்ணீர் மேட்டின் மேல் ஏறவில்லை. எல்லாம் சேர்ந்து அந்தக் கோட்டின் வழியாக ஓடியது. அவ்வளவுதான் பாடம்.

அதாவது, அலை மணல் திட்டுகளின் மேல் உடைந்து தண்ணீரைக் கரைப் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கிறது. அந்தத் தண்ணீர் திரும்ப வேண்டும். திட்டுகளுக்கு நடுவே ஆழமான இடைவெளி இருந்தால் அதன் வழியாகத் திரும்பும். ஆழம் இருப்பதால் அங்கே அலை உடையாது. பார்ப்பதற்கு அமைதியாக இருக்கும். குளிக்க வருகிறவர்கள் தேடிப்போய் இறங்குவது அங்கேதான். அந்த இழுப்பு யாரையும் அடியில் அமுக்குவதில்லை, வெளியேதான் கொண்டுபோகிறது. அலை உடையும் எல்லையைத் தாண்டியதும் பெரும்பாலும் அதன் வேகம் அடங்கிவிடும். அதை எதிர்த்து நேராக நீந்திக் களைத்துப் போவதில்தான் ஆபத்து.

பையனிடம் மூன்று விஷயம் கேளுங்கள். இழுப்பு எது என்று கரையிலிருந்து கை நீட்டிக் காட்டத் தெரிகிறதா? மாட்டிக்கொண்டால் பலகையை விடாமல் பக்கவாட்டில் போக வேண்டும் என்று தெரிகிறதா? இறங்குவதற்கு முன் இருபது நிமிஷம் சும்மா உட்கார்ந்து கடலைப் பார்க்கும் பொறுமை இருக்கிறதா? பதினாலு வயதில் மூன்றாவதுதான் கஷ்டம்.

கூடவே இரண்டு எச்சரிக்கைகள். கோவளம் கடற்கரை 2021இல் நீலக்கொடிச் சான்று பெற்றது. சுத்தம், வசதி, உயிர்காப்பாளர் ஏற்பாடு போன்றவற்றைப் பார்த்துக் கொடுப்பது அது. இன்று காலை மணல் எப்படி இருக்கிறது என்பதை அந்தக் கொடி சொல்லாது. இன்னொன்று, கள்ளக்கடல். வானம் தெளிவாக இருக்கும், காற்று இருக்காது, எங்கோ தெற்கு இந்தியப் பெருங்கடலில் அடித்த புயலின் அலை சில நாள் பயணம் செய்து திடீரென்று கரையில் ஏறும். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டக் கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் இறந்தது அப்படி ஒரு நாளில்தான். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற மத்திய அரசு நிறுவனம் இதற்கு முன்னெச்சரிக்கை கொடுக்கிறது. அந்த எச்சரிக்கை இருக்கிற நாளில் அடம், அழுகை எதற்கும் மசியாதீர்கள்.

போன ஆகஸ்டில் நண்பர்களோடு போனபோது அலை அருமையாக இருந்தது. அதே இடம், அதே கொட்டகை, டிசம்பர் கடைசியில் போனால் எல்லாம் கரைக்குப் பக்கத்திலேயே மொத்து மொத்தென்று விழுகிறது. கடல் கெட்டுப்போய்விட்டதா?
- கல்லூரி மாணவர், மதுரை

கெட்டுப்போகவில்லை, மணல் இடம் மாறியிருக்கிறது.

பாறையில் உடையும் அலை வருஷம் முழுக்க ஏறக்குறைய ஒரே இடத்தில் உடையும். மணல் அப்படி இல்லை. தென்மேற்குப் பருவத்தில் அலை தெற்கிலிருந்து சாய்ந்து வந்து மணலை வடக்கே நகர்த்துகிறது. வடகிழக்குப் பருவத்தில் அதில் ஒரு பங்கைத் தெற்கே திருப்பி அனுப்புகிறது. வருஷக் கணக்கைக் கூட்டிக் கழித்தால் வடக்கே போவதுதான் அதிகம். எங்கள் கடலோர மீனவர்கள் இந்த நீரோட்டங்களுக்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். தெற்கிலிருந்து வடக்கே ஓடினால் தெண்டி, வடக்கிலிருந்து தெற்கே ஓடினால் வன்னி. தம்பியின் அப்பா கரையில் நின்று பார்த்தே இன்று வன்னி ஓடுது என்று சொல்லிவிடுவார். நான் எட்டு வருஷமாகப் பார்க்கிறேன், பத்துக்கு ஆறு சரியாக வருகிறது.

புயல் அலை வேறு ஒரு வேலை செய்யும். கரை மணலைச் சுரண்டிக்கொண்டு போய்க் கொஞ்ச தூரத்தில் கடலுக்குள் திட்டாகப் போட்டு வைக்கும். பிறகு அமைதியான மாதங்களில் நீளமான அலைகள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்குத் திருப்பிக் கொண்டுவரும். புயல் போன பிறகு சில நாட்கள் கரை வெட்டுப்பட்டு அசிங்கமாக இருக்கும், ஆனால் அடுத்த மாதம் எதிர்பாராத இடத்தில் அழகான திட்டு ஒன்று கிடைக்கும். நீங்கள் டிசம்பரில் வந்தபோது வெளித்திட்டு கலைந்திருக்கும். நீங்கள் போனது ஏற்றம், அதாவது கடல்மட்டம் தினமும் ஏறி இறங்குவதில் ஏறும் நேரம், உச்சத்தில் இருந்தபோதாகவும் இருக்கலாம். நம் கரையில் ஏற்ற இறக்கம் சுமார் ஒரு மீட்டர்தான் என்றாலும், மூன்றடி அலைக்கு அது பெரிய வித்தியாசம். ஏற்றத்தில் திட்டின் மேல் ஆழம் கூடிவிடுவதால் அலை அங்கே உடையாமல் தாண்டி வந்து கரையில் விழும். இரண்டு மணி நேரம் டீக்கடையில் உட்கார்ந்திருந்தால் வேறு கடலைப் பார்த்திருப்பீர்கள்.

மணலின் வழியை மனிதர்கள் மறித்தால் என்ன ஆகும் என்பதைப் புதுச்சேரியில் பார்க்கலாம். 1980களின் கடைசியில் கட்டிய துறைமுகச் சுவர்களால் மணல் தெற்கே தங்கிவிட்டது. நகரத்தின் கடற்கரை கரைந்து வெறும் கருங்கல் குவியலானது. ஒரு தலைமுறைப் பிள்ளைகள் கடற்கரை என்றால் பாறை என்று நினைத்து வளர்ந்தார்கள். தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம் 2018 வாக்கில் தண்ணீருக்கடியில் ஒரு செயற்கைத் திட்டு அமைத்த பிறகு, கரையின் வடபகுதியில் மறுபடி மணல் சேர்ந்தது. என் அக்கா அங்கேதான் இருக்கிறாள். மணலில் செருப்பில்லாமல் நடந்ததை எனக்கு ஃபோன் செய்து சொன்னாள்.

எங்கள் ராமேஸ்வரத்திலும் கடல் இருக்கிறது. ஏன் யாரும் சர்ஃபிங் பள்ளி தொடங்கவில்லை?
- ஆட்டோ ஓட்டுநர், ராமேஸ்வரம்

இலங்கை குறுக்கே நிற்கிறது, அதுதான் காரணம். நல்ல அலை தெற்கே ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் பிறந்து வருகிறது. பாக் நீரிணைக்குள் அது நுழைய முடிவதில்லை, ஆழமும் குறைவு. சென்னைப் பக்கம் வருவது இலங்கையைச் சுற்றி வளைந்து வரும் மிச்சம். அதனால்தான் எங்கள் அலையும் சாதுவாக இருக்கிறது. உங்கள் ஊரில் காற்று அருமை, தண்ணீர் தட்டை. பட்டம் கட்டி இழுத்துக்கொண்டு போகும் கைட் சர்ஃபிங் அங்கே நடக்கிறதே, பார்த்திருப்பீர்கள். அந்த விஷயத்தில் நாங்கள்தான் உங்களைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டும்.

மகள் கறுத்துப்போனால் நாளைக்கு வரன் பார்ப்பது கஷ்டம் என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். சன்ஸ்கிரீன் போட்டால் கறுக்காமல் இருக்குமா?
- பெயர் வேண்டாம், திருச்சி

கறுக்கும். முகத்துக்குத் துத்தநாகப் பசை, உடம்புக்கு முழுக்கைச் சட்டை, காலை எட்டரைக்குள் கரையேறுவது, இதெல்லாம் தோல் வெந்துபோகாமல் இருக்க. நிறம் மாறத்தான் செய்யும். அலையில் நிற்கிற பெண்ணைப் பார்த்துவிட்டு நிறத்தைப் பற்றிப் பேசுகிற வீட்டில் சம்பந்தம் வேண்டாம் என்று முடிவெடுக்க இது ஒரு நல்ல வடிகட்டி. சொந்தக்காரர்களுக்கு என் பெயரைச் சொல்லித் திட்டிக்கொள்ளச் சொல்லுங்கள்.

இணையத்தில் ஆறடிப் பலகை ஒன்று பாதி விலைக்கு வருகிறது. வாங்கலாமா? எடை 78 கிலோ, ஆறு வகுப்பு முடித்திருக்கிறேன்.
- மென்பொருள் பணியாளர், சோழிங்கநல்லூர்

வேண்டாம். நானும் வாங்கினேன். ஒரு விற்பனையாளர் எனக்கு ஒல்லியான, கூர்மூக்கு வைத்த ஒரு பலகையைத் தலையில் கட்டினார். பார்க்க மயில் மாதிரி இருந்தது. ஏறிப் படுத்தால் மூழ்கியது. நான்கு மாதத்தில் ஒரு அலைகூடப் பிடிக்கவில்லை. ஐந்தாவது மாதம் அதன் மூக்கு மணலில் குத்தி, வால் திரும்பி வந்து என் புருவத்தில் நாலு தையல். இப்போது அது வீட்டில் துணி காயப்போட உதவுகிறது.

நம் மணல் கடற்கரையின் சாதுவான அலைக்குப் பருமன் வேண்டும். எட்டு அல்லது ஒன்பதடி, மேலே மெத்தென்ற ஃபோம், அகலமான மூக்கு. பலகை மிதந்தால்தான் பலவீனமான அலையும் உங்களைத் தூக்கும். முதல் ஆறு மாதம் பள்ளியின் பலகையையே வாடகைக்கு எடுங்கள். பணம் செலவழித்தே ஆக வேண்டும் என்றால் நல்ல கால்கயிறு வாங்குங்கள். அது அறுந்தால் உங்கள் பலகை இன்னொருவர் பிள்ளையின் தலையைத் தேடிப் போகும். கால் வழுக்காமல் இருக்கப் பலகையில் தேய்க்கும் மெழுகு வாங்கும்போது வெப்பக்கடலுக்கானதா என்று பாருங்கள். நம் கடல் 28, 29 டிகிரியில் இருக்கும். குளிர்நாட்டு மெழுகு நம் வெயிலில் நெய்யாக உருகி ஓடும்.

நம் அலை சின்னது, மணலில் உடைவது. இதில் பழகி உலக அளவில் யாராவது வர முடியுமா? ஹவாயில் பிறந்தால்தானே முடியும்?
- உடற்கல்வி ஆசிரியர், கடலூர்

சக ஆசிரியர் என்பதால் கொஞ்சம் உரிமையோடு சொல்கிறேன், இந்தச் சாக்கைப் பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். பதினோரு முறை உலகப் பட்டம் வென்ற கெல்லி ஸ்லேட்டர் பிறந்து வளர்ந்தது ஃபுளோரிடாவின் கோக்கோ பீச்சில். அதுவும் மணல்தான், அங்கேயும் பெரும்பாலான நாட்களில் அலை சின்னது, சோம்பலானது. அலைச்சறுக்கு முதன்முதலாக ஒலிம்பிக்கில் இடம்பெற்றது டோக்கியோ போட்டியில், 2021இல். அது நடந்த சுரிகசாக்கியும் மணல் கடற்கரைதான். ஆண்கள் பிரிவில் தங்கம் வென்ற பிரேசிலின் இத்தாலோ ஃபெரெய்ரா இறுதிப் போட்டியின் முதல் அலையிலேயே பலகையை உடைத்துவிட்டு, வேறு பலகையை எடுத்துக்கொண்டு வந்து ஜெயித்தார். அவருடைய அப்பா மீன் வியாபாரம் செய்தவர். பையன் முதலில் அலை ஏறியது அப்பாவின் தெர்மாகோல் மீன்பெட்டி மூடியில். இதைத் தம்பியிடம் சொன்னபோது, "நாங்க ஒடஞ்ச கட்டுமரத் துண்டுல ஏறினோம், பெட்டி மூடி எங்களுக்குத் தோணவே இல்லையே" என்றார்.

நம் பக்கமும் ஒன்றும் தூங்கவில்லை. 2023 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் உலக சர்ஃப் லீக்கின் தகுதிச்சுற்றுப் போட்டி நடந்தது. 2025 ஆகஸ்டில் அதே ஊரில் ஆசிய சாம்பியன்ஷிப் நடந்தது, அதில் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றார். 2026 ஆசிய விளையாட்டிலும் அலைச்சறுக்கு சேர்க்கப்பட்டிருக்கிறது. கடலூர் சில்வர் பீச்சை ஒரு மாதம் தினம் காலையில் பார்த்துக் குறித்து வையுங்கள். திட்டு எங்கே, இழுப்பு எங்கே, ஏற்றம் எத்தனை மணிக்கு என்று. பிறகு பேசுவோம்.

ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்குத்தான் எனக்கு நேரம். அப்போது வரலாமா? மீனவர்கள் ஏதாவது சொல்வார்களா?
- ஜவுளிக்கடை ஊழியர், தாம்பரம்

வரலாம், அழகு குறைவாக இருக்கும். நம்முடையது கிழக்குப் பார்த்த கரை. விடியற்காலையில் தரையிலிருந்து கடலுக்கு வீசும் மேல்காற்று அலையின் முகத்தைத் தாங்கிப் பிடித்து வழவழப்பாக வைத்திருக்கும். பத்து, பதினொரு மணிக்குக் கடல்காற்று எழுந்ததும் எல்லாம் கலைந்துபோகும். அரை நாள் லீவு கேட்டு ஒரு காலை வந்து பாருங்கள்.

மீனவர்கள் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், அவர்கள் இடத்தில் நீங்கள் குறுக்கே படுத்துக்கொள்ளாத வரை. படகு கரையேறும் வழியில் எந்தக் காரணத்துக்கும் நிற்காதீர்கள். இன்ஜினைத் தூக்கிக்கொண்டு அலையின் மேல் ஓடிவரும் ஃபைபர் படகு உங்களுக்காகத் திரும்ப முடியாது. கரைவலை இழுக்கும் நாளில் கயிறுகளுக்கு நடுவே இறங்கவே கூடாது. முடிந்தால் பலகையை வைத்துவிட்டுக் கயிற்றில் ஒரு கை போடுங்கள். எனக்கு அப்படித்தான் முதல் முறை யாரோ டீ வாங்கிக் கொடுத்தார்கள். தண்ணீரில் நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் மணலைத் தேய்த்துக்கொண்டே நடங்கள். மணலில் புதைந்து கிடக்கும் திருக்கை அதிர்வை உணர்ந்து விலகிவிடும், மிதித்தால்தான் கொட்டும். கொட்டிவிட்டால் தாங்குகிற சூட்டில் வெந்நீரில் காலை வைத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள்.

டீச்சர், உண்மையைச் சொல்லுங்கள். இப்போதும் விழுகிறீர்களா?
- ஒன்பதாம் வகுப்பு மாணவி, திருப்போரூர்

போன சனிக்கிழமை பதினோரு அலைக்கு முயற்சி செய்தேன். நாலில் நின்றேன். ஐந்தாவதில் நிற்பதாக நினைத்துக் கையைத் தூக்கினேன், திட்டு முடிந்துவிட்டதைக் கவனிக்கவில்லை. இன்று புதன்கிழமை. காலையில் தலை சீவும்போதுகூடக் காதுக்குப் பின்னாலிருந்து மணல் உதிர்ந்தது.